குஸ்கோவில் இறங்கியதும் கீழே போய்விடுங்கள்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். ஜூன் 24 அன்று பெரு நாட்டின் குஸ்கோ நகரில் நடக்கும் இந்தி ராய்மி என்ற சூரிய விழாவைப் பார்க்க வேண்டும் என்பது என் 11 வயது மகளின் நெடுநாள் ஆசை. 18ஆம் தேதி காலை லிமாவிலிருந்து குஸ்கோவுக்கு விமானம். அன்று மதியமே நகரச் சுற்றுலாவும் சக்சாய்வாமான் கோட்டையும். 19 விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பி வானவில் மலை. பிறகு பள்ளத்தாக்கு, மாச்சு பிச்சு, கடைசியில் மறுபடியும் குஸ்கோ. 4 வயது மகனும், மதுரையிலிருந்து வந்திருக்கும் 67 வயது மாமியாரும் உடன் வருகிறார்கள். மாமியார் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், பிரஷருக்கு டெல்மிசார்ட்டன்–ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரையும் சாப்பிடுகிறார். சில நாள் தூக்க மாத்திரையும் உண்டு. கணவர் மாரத்தான் ஓடுபவர். "ஊட்டி, கொடைக்கானலுக்கெல்லாம் போனோமே, ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார். மாமியாரை அழைத்துப் போகலாமா? எல்லோருக்கும் டயமாக்ஸ் தேவையா? அங்கே தரும் கோக்கா டீயைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப்போக நினைக்கிறேன், சரிதானா?

பதில்:

மாமியாரை அழைத்துப் போகலாம். என் கவலை உங்கள் முதல் இரண்டு நாள் திட்டத்தைப் பற்றித்தான். அந்த இரண்டு நாளில் யாருக்கு வேண்டுமானாலும் உடம்பு படுத்தலாம். மாரத்தான் ஓடும் உங்கள் கணவருக்கும்தான்.

அவர் சொன்ன ஊட்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் அதைவிடச் சற்றுக் குறைவு. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டும். குஸ்கோ 3,400 மீட்டர், ஏறத்தாழ நம் லடாக்கின் லே நகரத்தின் உயரம். லேயில் விமானத்தில் வந்து இறங்குபவர்களை முதல் நாள் அறையை விட்டு வெளியே போகாதீர்கள் என்று ஊர்க்காரர்களே சொல்லி உட்கார வைப்பார்கள். குஸ்கோவிலும் அதே அக்கறை வேண்டும். உடற்பயிற்சி இதயத்தையும் காலையும் பலப்படுத்தும், ஆனால் மலை நோயைத் தடுக்காது. திடமானவர்கள் முதல் நாளே வேகமாக நடந்து, அதனாலேயே மாட்டிக்கொள்வதும் உண்டு.

உடம்பு அங்கே என்ன செய்கிறது என்று தெரிந்தால் நான் சொல்லப்போவது புரியும். குஸ்கோ காற்றிலும் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒரு மூச்சில் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். உடனே உடம்பு மூச்சை வேகப்படுத்துகிறது. வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை கூடிவிடும். அதைக் கண்ட மூளை, போதும் என்று மூச்சுக்குத் தடை போடும். கூடுதல் காரத்தைச் சிறுநீரகம் சிறுநீரில் கழித்துவிட்டால் அந்தத் தடை விலகும், அதற்குத்தான் ஒன்றிரண்டு நாளாகிறது. லிமா கடலோர நகரம். அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம் உங்களை மலைமேல் இறக்கிவிடும். சிறுநீரகத்துக்கு அந்த அவசரம் தெரியாது.

இது புதிய விஷயமில்லை. பெருவின் பரியகாகா மலையைக் கடந்தபோது வாந்தியெடுத்துத் துவண்டுபோனதை ஹொசே தே அகோஸ்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் 1590இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். அங்கத்திய காற்று மனிதர் மூச்சுக்குப் போதாத அளவு மெல்லியது என்று அப்போதே ஊகித்தவர் அவர். அந்த ஊர்க்காரர்கள் இந்த நோயைச் சொரோச்சே என்கிறார்கள். ஓட்டல், மருந்துக்கடை, டாக்ஸி எங்கே போனாலும் இந்தச் சொல் காதில் விழும்.

இனி திட்டத்தைப் பார்ப்போம். குஸ்கோவில் தூங்குவதைத் தள்ளிப்போடுங்கள், நான் சொல்வதில் முக்கியமானது இதுதான். 18ஆம் தேதி விமானத்தை விட்டு இறங்கியதும், நிலையத்திலிருந்தே வண்டி பிடித்து உருபம்பா பள்ளத்தாக்குக்குப் போய்விடுங்கள். உருபம்பா ஊர் சுமார் 2,870 மீட்டர், ஒயாந்தாய்தம்போ சுமார் 2,800 மீட்டர். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரப் பயணம். 600 மீட்டர் குறைவது கேட்கச் சின்ன வித்தியாசமாகத் தோன்றும், இரவுத் தூக்கத்தில் அது பெரிய வித்தியாசம். மலை நோயைப் பொறுத்தவரை பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதே முக்கியம்.

போகும் சாலை சிஞ்செரோ பக்கமாக 3,700 மீட்டரைத் தாண்டி ஏறிப் பிறகு இறங்கும். வண்டிக்குள் உட்கார்ந்தபடி கடக்கும் அந்தச் சிறிது நேரத்தால் பிரச்சினை இல்லை. ஆனால் ஓட்டுநர், வழியில்தானே இருக்கிறது, சிஞ்செரோ சந்தையையும் மொராயில் உள்ள பழங்கால வட்டப் படிவயல்களையும் பார்த்துவிடலாம் என்று அன்போடு கேட்பார். அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

18, 19 இரண்டு இரவும் பள்ளத்தாக்கில். 18 முழு ஓய்வு. 19 அன்று ஒயாந்தாய்தம்போ ஊருக்குள் மெதுவாக நடக்கலாம். ஸ்பானியர்கள் வருவதற்கு முன் அங்கே ஆண்ட இன்காக்கள் போட்ட தெருக்களில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், தெருவோரக் கால்வாயில் தண்ணீர் ஓடும். உங்கள் மகளுக்கு நிச்சயம் பிடிக்கும். அங்குள்ள இன்கா இடிபாட்டின் செங்குத்துப் படிகளை மாமியார் கீழே நின்று பார்த்தால் போதும். 20 அன்று ரயிலில் மாச்சு பிச்சுவின் அடிவார ஊரான ஆகுவாஸ் காலியென்டெஸ். அது சுமார் 2,040 மீட்டர், அதாவது ஊட்டியைவிடத் தாழ்வு. 21 அன்று மாச்சு பிச்சு, அதுவும் 2,430 மீட்டர்தான். உலகமே மலை உச்சி என்று நினைக்கும் அந்த இடம் குஸ்கோவைவிட ஏறத்தாழ 1,000 மீட்டர் கீழே இருக்கிறது! அன்று மாலை குஸ்கோ திரும்பினால், 24ஆம் தேதி விழாவுக்கு முன் அந்த உயரத்தில் மூன்று இரவு கிடைக்கும். மாச்சு பிச்சு நுழைவுச்சீட்டு நாளும் நேரமும் குறித்துத் தருவது. எனவே முதலில் அதை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள், பிறகு ரயில், அதன்பின் ஓட்டல்.

வானவில் மலையைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வினிகுன்கா என்ற அந்த மலை 5,000 மீட்டரைத் தொடும் இடம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் பாதியை நெருங்கிவிடும். மலைக்கு வந்த மறுநாளே, விடியற்காலை 3 மணிக்கு, 4 வயதுக் குழந்தையோடும் 67 வயது அம்மாவோடும் அங்கே போவதாகச் சொன்ன வரியைப் படித்தபோது உண்மையிலேயே பயந்துவிட்டேன். ஆசை தீரவில்லை என்றால் 23 அன்று உங்களில் ஒருவர் மட்டும் போய்வரலாம். அதுவும் அதுவரை தலைவலிகூட வராமல் இருந்தால்தான். குழந்தையும் மாமியாரும் எந்த நாளிலும் வேண்டாம்.

டயமாக்ஸ், அதாவது அசிட்டாசோலமைடு, நான் மேலே சொன்ன சிறுநீரக வேலையைத் துரிதப்படுத்தும் மருந்து. பெரியவர்களுக்கு 125 மில்லிகிராம் காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி மேலே போய் இரண்டு நாள் வரை. திட்டத்தை நான் சொன்னபடி மாற்றினால் உங்களுக்கும் கணவருக்கும் அது கட்டாயமில்லை, முன்பு எப்போதாவது மலையில் நோய்வாய்ப்பட்டிருந்தால் ஒழிய. மாற்ற முடியாமல் முதல் இரவே குஸ்கோவில் தங்க நேர்ந்தால் இருவரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒருநாள் சாப்பிட்டுப் பாருங்கள். விரல் நுனி மரத்து ஊசி குத்துவதுபோல் இருக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். இவை ஒவ்வாமை அல்ல. சல்ஃபா மருந்துகளால் முன்பு கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் இதைத் தொடக் கூடாது.

பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுப்பதைவிட மெதுவாக ஏறுவதுதான் மருந்து. எடைக்கேற்ற அளவு உண்டு என்றாலும், மாற்றிய திட்டத்தில் அவர்களுக்கு அது வேண்டியிருக்காது.

மாமியார் விஷயத்தை மட்டும் சற்று நிறுத்தி யோசிக்க வேண்டும். அவருடைய பிரஷர் மாத்திரையில் ஏற்கெனவே சிறுநீர் போக்கும் மருந்து இருக்கிறது. அதோடு டயமாக்ஸும் சேர்ந்தால் பொட்டாசியம் குறையலாம், உடம்பில் நீர் வற்றலாம். மெட்ஃபார்மினும் இருப்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் எதையும் சேர்க்கக் கூடாது. கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ரத்தச்சோகை இருந்தால் அந்த உயரம் அவருக்கு இரட்டைச் சுமை. படியேறும்போது நெஞ்சு அடைப்பதாகவோ மூச்சு வாங்குவதாகவோ எப்போதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேளுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் இதையெல்லாம் தாமாகச் சொல்வதில்லை, பேரப்பிள்ளைகளோடு போகும் பயணம் நின்றுவிடுமோ என்று மறைக்கவும் செய்வார்கள். அப்படி ஏதாவது இருந்தால் இதய டாக்டரைப் பார்த்த பிறகே டிக்கெட்.

முதல் சில நாள் மலையில் ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுவது வழக்கம். மாத்திரையை வழக்கம்போலக் கொடுங்கள், கருவியில் எண்ணைப் பார்த்துப் பதறி நீங்களாகக் கூடுதல் மாத்திரை கொடுக்காதீர்கள். சர்க்கரை பார்க்கும் கருவி உயரத்திலும் குளிரிலும் தவறாகக் காட்டலாம். கருவியைக் கோட்டின் உள்பையில் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரை முதல் இரவுகளில் மூச்சை இன்னும் மந்தப்படுத்தும். எப்போதாவது எடுப்பவர் என்றால் அங்கே வேண்டாம். தினமும் எடுப்பவர் என்றால் சட்டென்று நிறுத்துவதும் தப்பு, அவருடைய டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். முதல் இரண்டு இரவு மதுவும் கூடாது. வரவேற்புக்குத் தரும் பிஸ்கோ சவர் அங்கே பெயர்போனது, கணவருக்கு அதை விழா நாளுக்கு ஒத்திவையுங்கள்.

இரவு மூச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அக்கா குடும்பத்தோடு நானும் குஸ்கோ போனேன். அன்று நகரிலேயே தங்கினோம். நடுநிசியில் அக்கா கதவைத் தட்டி, "டேய், அத்தானுக்கு மூச்சு நின்னு நின்னு வருதுடா" என்று அழுதாள். போய்ப் பார்த்தேன். பத்து, பதினைந்து விநாடி மூச்சே இல்லை. பிறகு ஆழமாக நாலைந்து மூச்சு, மறுபடி அமைதி. எழுப்பினால் தெளிவாகப் பேசினார், உதடு நீலமாகவில்லை. மூளை போடும் தடையென்று மேலே சொன்னேனே, அதுதான் இது. உயரத்தில் நலமாக இருப்பவர்களுக்கும் வருவது, ஆபத்தில்லை. டாக்டரான எனக்கே அந்த இருட்டில் கை நடுங்கியது. உங்கள் மாமியாரோ கணவரோ அப்படி மூச்சு விட்டால் நீங்கள் பதறக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

அதேபோல் பல்ஸ் ஆக்சிமீட்டர். கொரோனாக் காலத்தில் வாங்கியது உங்கள் வீட்டிலும் இருக்கும், 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்ற கணக்கும் மனத்தில் பதிந்திருக்கும். அந்தக் கணக்கை லிமாவிலேயே விட்டுவிட்டு வாருங்கள். குஸ்கோவில் புதிதாக இறங்கியவருக்கு 85 முதல் 90 வரை காட்டுவது சாதாரணம், தூக்கத்தில் இன்னும் இறங்கும். குளிர்ந்த விரலும் நெயில் பாலிஷும் தப்பான எண்ணைத் தரும். எண்ணை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். 86 காட்டினாலும் சிரித்துப் பேசி, இட்லி கிடைக்குமா என்று கேட்கிற மாமியாரைப் பற்றிக் கவலை வேண்டாம். மற்ற நால்வருக்கும் 88 இருக்கையில் ஒருவருக்கு மட்டும் 75க்கு இறங்கி, அவர் சோர்ந்தும் கிடந்தால் அது வேறு கதை.

இறங்கிய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, கிறுகிறுப்பு வரலாம். முதல் இரவில் கூடி, ஒன்றிரண்டு நாளில் அடங்கும். பாராசிட்டமால் போடலாம். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ இல்லாதவர்கள் ஐபுபுரூஃபனும் போடலாம், மாமியாருக்கு அது வேண்டாம். தலைவலி இருக்கும்வரை இன்னும் உயரமான இடத்துக்குத் தூங்கப் போகக் கூடாது. தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள், லிட்டர் கணக்கில் திணித்துக்கொள்வதால் மலை நோய் தடுக்கப்படுவதில்லை.

சின்னவன் தலை வலிக்கிறது என்று சொல்லமாட்டான். சாப்பாட்டைத் தள்ளிவிடுவான், விளையாடமாட்டான், காரணமில்லாமல் அழுவான், இரவெல்லாம் புரளுவான். முதல் மூன்று நாளில் இப்படி இருந்தால், வேறு காரணம் தெளிவாகத் தெரியும்வரை உயரம்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் வாரத்தில் அவனுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் மலை ஏற்றத்தைத் தள்ளிப்போடுங்கள், அந்த நேரத்தில் நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்து அதிகம். பிறவியிலேயே இதயக் கோளாறு உண்டா என்பதையும் குழந்தை டாக்டரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி சொல்வதைக் கணவரும் படிக்கட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நுரையோ ரத்தமோ கலந்த சளி – இவை நுரையீரலில் நீர் சேர்வதன் அடையாளம். பெரும்பாலும் இரண்டாம் இரவு வாக்கில் வரும். குடித்தவர்போல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது, எழுப்பினாலும் தெளியாத மயக்கம் – இவை மூளை வீக்கத்தின் அடையாளம். இரண்டுமே அரிது, ஆனால் காலை வரை பொறுத்துப் பார்க்கும் விஷயங்கள் அல்ல. ஆக்சிஜன் வைக்க வேண்டும், கீழே இறக்க வேண்டும். பல ஓட்டல்களில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருப்பார்கள், முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் விற்கும் கையடக்க ஆக்சிஜன் டப்பா சில நிமிடத்தில் தீர்ந்துபோகும், அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பெருவில் அவசர மருத்துவ உதவிக்கு 106. தள்ளாட்டத்தைக் கண்டுபிடிக்க, குதிகாலைக் கட்டைவிரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்வோம். மாமியாருக்கு மூட்டுவலி இருந்தால் ஊரிலேயே ஒருமுறை நடக்கச் சொல்லிப் பார்த்துவையுங்கள், அப்போதுதான் அங்கே வித்தியாசம் தெரியும்.

கோக்கா டீயைப் பெரியவர்கள் ஒரு கோப்பை குடிப்பதில் தவறில்லை. அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக மதித்து வைத்திருக்கும் இலை அது. ஆனால் மலை நோயைத் தடுக்கும் என்பது ஆய்வில் நிலைநாட்டப்படவில்லை. ஒரு கோப்பை குடித்தாலும் சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இருப்பதாகக் காட்டலாம், வேலையிடத்தில் அப்படிப் பரிசோதனை உண்டென்றால் தொடாதீர்கள். பிள்ளைகளுக்கு வேண்டாம். அவர்களுக்கு முன்யா என்ற அந்த மலையின் புதினா வகை இலைக் கஷாயம் கிடைக்கும், வாசனை அருமையாக இருக்கும். சொரோச்சி என்ற பெயரில் கடைகளில் விற்கும் மாத்திரையில் ஆஸ்பிரினும் காஃபீனும் இருக்கின்றன, அதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

குக்கரை எடுத்துப்போகாதீர்கள். பெருவில் மின்சாரம் 220 வோல்ட், நியூ ஜெர்சியில் வாங்கிய 120 வோல்ட் குக்கர் முதல் நாளே கருகிப்போகும். அது வேலை செய்தாலும் குஸ்கோவில் தண்ணீர் 89 டிகிரிக்குள் கொதித்துவிடும், அரிசி வேகாமல் நடுவில் பருக்கையாக நிற்கும். பிரஷர் குக்கர் இருக்கும் வீட்டில்தான் அங்கே நல்ல சோறு. முதல் நாள் ஜீரணம் மந்தமாக இருக்கும், வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. கினோவா சூப், அவித்த உருளைக்கிழங்கு, ரொட்டி போதும். மாமியார் சைவம் என்றால் சூப்பைக் கோழிச்சாற்றில் செய்தார்களா என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க ஆகாது. கொதிக்க வைப்பதானால் அந்த உயரத்தில் மூன்று நிமிடம் விடாமல் கொதிக்க வேண்டும்.

குஸ்கோவில் ஓட்டல் எடுக்கும்போது சான் பிளாஸ் பக்கம் வேண்டாம். பார்க்க அழகு, ஆனால் படியும் ஏற்றமும் மாமியாரை வாட்டிவிடும். நகரின் மையச் சதுக்கமான பிளாசா தே அர்மாஸுக்கும், பழைய சூரியக் கோயிலான கொரிகாஞ்சாவுக்கும் நடுவில் பாருங்கள். ஜூன் இரவில் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும், அறையில் ஹீட்டர் உண்டா என்று கேட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். 24 அன்று விழாவின் பெரிய பகுதி மதியம் சக்சாய்வாமானில் நடக்கும். அது நகரத்தைவிடவும் உயரம், கோட்டைக்கு வண்டியில் போங்கள். மதிய வெயில் சுள்ளென்று எரிக்கும், சூரியன் சாய்ந்த அடுத்த நிமிடம் குளிரும். மாமியாருக்குத் தொப்பியும் ஸ்வெட்டரும், சின்னவனுக்கு ஒரு போர்வையும் கையில் இருக்கட்டும்.

திரும்பும்போது ஓட்டலில் தந்த கோக்கா டீப் பைகள் யாருடைய பையிலாவது கிடக்கின்றனவா என்று ஒருமுறை துழாவிப் பார்த்து அங்கேயே போட்டுவிடுங்கள். அமெரிக்காவுக்குள் அதைக் கொண்டுவருவது குற்றம்.